நெரிசலுக்கு நடுவே வெனிஸைப் பார்ப்பது எப்படி

வெனிஸுக்குப் பகலில் மட்டும் வந்து திரும்புபவர்கள் பெரும்பாலும் கூட்டத்தைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். தங்காமல் வருவோரிடம் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024-இல் தொடங்கியிருப்பதால், பயணத் தேதியை முடிவு செய்யும் முன் அந்த விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புனித மார்க் சதுக்கத்துக்கு விடியற்காலையில் செல்லுங்கள். பத்து மணிக்கு மேல் தோளோடு தோள் உரச நகர வேண்டிய அதே இடத்தில், அந்நேரம் புறாக்களின் சிறகோசையும் யாரோ கல்தளத்தைப் பெருக்கும் ஓசையுமே கேட்கும்.

நகரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயைப் பார்க்கக் கொண்டோலா என்னும் துடுப்புப் படகுதான் வேண்டும் என்பதில்லை. 1591-இல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்டோ பாலத்தின் அடியில் செல்லும் 1-ஆம் எண் பொதுப்படகே போதும்.

பிற்பகலில் கன்னாரெஜியோ, காஸ்டெல்லோ பகுதிகளின் சந்துகளில் நடந்து பாருங்கள். அங்குதான், காய்கறி நிறைந்த சக்கரப் பையை ஒரு மூதாட்டி பாலத்தின் படிகளில் ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றியதையும், படமெடுக்க நின்றவர்கள் எவரும் வழிவிடாததையும் கண்டேன். அந்நகரின் அழகில் எனக்கிருந்த மகிழ்ச்சி அக்கணமே குறைந்துபோனது. வெனிஸ் சிறு தீவுகளின் மேல் அமைந்த நகரம். மோட்டார் வாகனங்கள் நுழைய முடியாத அத்தீவுகளில், நானூறுக்கும் மேற்பட்ட பாலங்களே அங்கு வாழ்பவர்களின் அன்றாடச் சாலை. எனவே வலப்பக்கமாக நடங்கள். பாலத்தின் நடுவில் நிற்காதீர்கள். படிகளில் அமர்ந்து உண்ணாதீர்கள்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல்நீர் ஏறித் தாழ்வான இடங்களில் தேங்குவதுண்டு. அப்போது செல்வதானால் ரப்பர் காலணி கையில் இருப்பது நல்லது.