ஷண்ட் வைத்த பிள்ளையின் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு

என் மகனுக்கு நாலாம் மாதத்தில் தலையில் நீர் கோத்து ஷண்ட் வைத்தார்கள். இப்போது ஏழு வயது. நடுவில் இரண்டு முறை குழாயை மாற்றியாகிவிட்டது. புதிதாக ஷண்ட் வைத்த பிள்ளையோடு வீட்டுக்கு வந்திருக்கும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

மூளையில் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது. அதை ஒரு வால்வு வழியாக, தோலுக்கடியில் ஓடும் மெல்லிய குழாய் வயிற்றுக்குள் இறக்குகிறது. இதுதான் ஷண்ட். 1950-களில் இதற்கு வால்வு செய்த ஜான் ஹோல்டர் ஒரு அமெரிக்க மெக்கானிக். அவர் பிள்ளைக்கும் இதே நோய். குழாய் என்றால் அடைக்கத்தான் செய்யும். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்டில் ஏறக்குறைய பாதி, இரண்டு வருடத்துக்குள் பழுதாகிறது. நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் இல்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளை நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுவான், எவ்வளவு தூங்குவான். கைக்குழந்தை என்றால் வாரம் ஒருமுறை தலைச் சுற்றளவு. தையற்கடைத் துணி டேப் இழுபடும், வேண்டாம். மூன்று முறை அளந்து பெரியதைக் குறியுங்கள். அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, கருவிழி கீழே இறங்கியே நின்றாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

முதல் அடைப்பில் நான் ஏமாந்தேன். விடியற்காலையில் வெறும் வயிற்றில் வாந்தி எடுத்தான். முந்தின நாள் கல்யாணச் சாப்பாடுதான் என்று நினைத்தேன். பக்கத்து கிளினிக்கிலும் வாந்தி மருந்துதான் கொடுத்தார்கள். ஒரு நாள் வீணாயிற்று. பேதி இல்லை, ஆனால் எழுப்பினால் கண் திறந்து மறுபடி சுருண்டுகொண்டான். அந்தத் தூக்கம்தான் அடையாளம். இரண்டாம் முறையும் அச்சு அசலாக அப்படியே வந்தது. நோட்டில் இருந்ததால் இரண்டு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

காய்ச்சல், குழாய் போகும் வழியில் சிவப்பு, தையலில் கசிவு, வயிற்று வலி என்றால் கிருமி தொற்றியிருக்கலாம். ஷண்ட் வைத்த முதல் ஆறு மாதம் இதில் ரொம்பக் கவனம். பாட்டி மஞ்சள் பத்துப் போடச் சொல்வார்; போடாதீர்கள். வால்வை அமுக்கிப் பார்ப்பதும் வேண்டாம்.

கிளம்பும்போது, நன்றாக இருந்த நாளில் எடுத்த பழைய சி.டி. படத்தைக் கையோடு எடுங்கள். புதிய படத்தை அதனோடு வைத்துத்தான் பார்ப்பார்கள். வழியில் எதுவும் ஊட்டாதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே முதல் வார்த்தை, "ஷண்ட் வெச்ச பிள்ளைங்க". சில சமயம் அடைப்பு இருந்தும் படம் நார்மலாகவே வரும். அப்போது, "இவன் இப்படித் தூங்குறவன் இல்லை, டாக்டர்" என்று நோட்டைக் காட்டுங்கள்.

நீர் வடியும் அளவை வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றக்கூடிய வால்வு என்றால், எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காந்த பொம்மையைத் தலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஓடட்டும், விளையாடட்டும், நான் தடுப்பதில்லை. பள்ளி அடையாள அட்டையின் பின்பக்கம் மட்டும் டீச்சருக்கு எழுதி ஒட்டியிருக்கிறேன்: "தலையில் ஷண்ட் இருக்கிறது. வகுப்பில் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள். எழவில்லையென்றால் உடனே கூப்பிடுங்கள்."