கடற்கரையை அளந்து படிப்பது எப்படி

கரை நகர்கிறதா, எந்தப் பக்கம் நகர்கிறது, ஏன் நகர்கிறது? இந்த மூன்றுக்கும் விடை தேட விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு மரக்கோல்கள், இரண்டு மீட்டர் கயிறு, அளவு நாடா, நேரம் பார்க்க ஒரு செல்போன், ஓர் ஆரஞ்சுப் பழம், ஒரு நோட்டு, துணைக்கு ஓர் ஆள் இருந்தால் போதும். கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரைக்குப் போய்விடுங்கள்.

முதலில் அலை. கடலில் அசையாமல் நிற்கும் ஏதாவது ஒன்றை, ஒரு கம்பத்தையோ பாறையையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலையின் முகடு அதைத் தொடும்போது நேரத்தை ஓட விடுங்கள். அந்த முகட்டையும் சேர்த்து பதினொன்றாவது முகடு தொடும்போது நிறுத்துங்கள். வந்த நொடிகளைப் பத்தால் வகுத்தால் அலையின் கால அளவு கிடைக்கும். பலர் பத்து முகடுகளை எண்ணிப் பத்தால் வகுத்துவிடுகிறார்கள். பத்து முகடுகளுக்கு நடுவே இருப்பது ஒன்பது இடைவெளிதான்.

கால அளவைத் தன்னாலேயே பெருக்கி, 1.56-ஆல் மீண்டும் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் மீட்டரில் வரும். 8 நொடி அலைக்கு 100 மீட்டர், 12 நொடி அலைக்கு 225 மீட்டர். நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் அலை தரையை உணரத் தொடங்கும். அதாவது 8 நொடி அலை 50 மீட்டர் ஆழத்திலேயே தரையோடு பேச ஆரம்பித்துவிடுகிறது. அங்கிருந்து வேகம் குறையும், முகடுகள் நெருங்கும், கரைக்கு அருகில் உயரம் கூடும். நீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது அலை உடையும். இதை வைத்தே கடலுக்கடியில் இருப்பதைக் கரையிலிருந்து படிக்கலாம். அலை தொலைவில் ஒரு முறை நுரைத்து, அடங்கி, கரையருகே மறுபடி உடைந்தால், முதலில் நுரைத்த இடத்தில் மணல்திட்டு ஒன்று மூழ்கிக் கிடக்கிறது என்று பொருள்.

அடுத்து நீரோட்டம். நீர்விளிம்பை ஒட்டி 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் நடுங்கள். அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே ஆரஞ்சை எறிந்து, ஒரு குறியிலிருந்து மறு குறிக்குப் போக எத்தனை நொடி என்று பாருங்கள். 40 நொடி என்றால் வேகம் நொடிக்கு அரை மீட்டர். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் உதவாது: அது நீருக்கு மேலே நிற்பதால் காற்றின் வேகத்தைத்தான் காட்டும். ஆரஞ்சு பெரும்பகுதி மூழ்கியே மிதக்கும். அது கரையோரமாகப் போகாமல் நேரே கடலுக்குள் விரைந்தால் அந்த இடத்தில் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கிறது. பழத்தை எடுக்க இறங்காதீர்கள்.

அலை சாய்வாக வந்து ஏறுகிறது, நீர் சரிவின் போக்கில் நேரே இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மணலைக் கிளப்புவது அலை, சுமந்து போவது நீரோட்டம். பொறியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் கணக்கின்படி, உடையும் அலையின் உயரம் இரண்டு மடங்கானால் நகரும் மணல் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடும். ஓர் ஆண்டின் மணல் நகர்வில் பெரும்பங்கைச் சில புயல் நாட்களே முடித்துவிடலாம். அமைதியான ஒரு நாளில் அளந்துவிட்டு "மணல் இந்தப் பக்கம்தான் போகிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

இனி கரையின் சரிவு. இந்தக் கோல் முறையை எமரி என்ற கடலியலாளர் 1961-இல் விளக்கினார். இரு கோல்களிலும் உச்சியைச் சுழியமாக வைத்து, கீழ்நோக்கி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு போடுங்கள். அலை எட்டாத, நகராத ஓர் இடத்தைத் தொடக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கோல் அங்கே. மற்றது கயிற்றின் நீளத்தில் கடல் பக்கம். தரை கடலை நோக்கி இறங்கினால், கரைப்பக்கக் கோலருகே குனிந்து, கடல்பக்கக் கோலின் உச்சி தொடுவானத்தோடு ஒட்டும்வரை கண்ணைத் தாழ்த்துங்கள். அப்போது உங்கள் கோலில் கண் நிற்கும் அளவுதான் இறக்கம். தரை ஏறினால், உங்கள் கோலின் உச்சி வழியே தொடுவானத்தைப் பார்த்து, அது எதிர்க்கோலை வெட்டும் அளவைப் படியுங்கள். பிறகு கரைப்பக்கக் கோல், முன்கோல் நின்ற அதே குழிக்குப் போக வேண்டும். இப்படியே நீர்விளிம்பு வரை.

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஈர மணலில் கோல் புதையும். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் புதைந்தாலும் முப்பது தடவையில் கணக்கு குலையும். அடியில் தட்டையான பலகை ஒன்றை ஆணியடித்துவிடுங்கள். கயிறு தரைச்சரிவோடு சாயாமல் கிடைமட்டமாக இருக்கட்டும். தொடுவானம் மூடுபனியில் மறைந்தால் அன்று விட்டுவிடுங்கள்.

மாதம் ஒரு முறை அதே இடத்தில் அளந்து, இரண்டு மாதச் சரிவுகளையும் கோடுகளாக ஒரே தாளில் வரையுங்கள். நடுவே உள்ள பரப்பு சதுர மீட்டரில் எவ்வளவோ, கரையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு அத்தனை கனமீட்டர் மணல் வந்திருக்கிறது அல்லது போயிருக்கிறது. குறைந்தது ஓர் ஆண்டு ஆகட்டும். கொந்தளிப்பான பருவத்தில் மணல் கடலடித் திட்டுக்குப் போகும், அமைதிப் பருவத்தில் திரும்பி வரும். அந்தப் போக்குவரத்தைக் கடலரிப்பு என்று எழுதுவது தவறு.

அளவுகள் கையில் இருந்தால் நிலவடிவங்கள் தாமே விளங்கும். ஆழம் குறைந்த இடத்தில் அலை மெதுவாகி வளைவதால், அதன் பலம் கடல்முனைகளில் குவிகிறது, விரிகுடாவில் பரவி அடங்குகிறது. முனையின் அடியில் முதலில் பள்ளம் விழும். அதுவே குகையாகி, இரு பக்கமும் துளைத்து வளைவாகி, மேற்கூரை விழுந்ததும் தூணாக நிற்கும். மணல் கரையில், கரை உள்வாங்கித் திரும்பும் இடத்தில் நீரோட்டம் வலுவிழந்து சுமையை இறக்கும். நீண்ட மணல்திட்டு பிறக்கும். அது ஆற்று முகத்துவாரத்தைக் குறுக்கே மறிக்கக்கூடும்.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தடுப்புச் சுவர், உள்ள இடத்தில் அதன் இரு பக்கமும் தனித்தனியே அளவெடுங்கள். மணல் வந்து சேரும் பக்கம் கரை அகலும், மறுபக்கம் பட்டினியில் தேயும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சான்டா பார்பராவில் 1920-களின் இறுதியில் அலைதடுப்புச் சுவர் கட்டியபோது மேற்கே மணல் குவிந்தது, கிழக்கே கரைகள் அரிக்கப்பட்டன. கரை எவ்வளவு தூரம் நகரக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள ஹட்டெராஸ் முனையைப் பாருங்கள்: அதன் கலங்கரை விளக்கம் 1870-இல் கடலிலிருந்து சுமார் 460 மீட்டர் தள்ளி எழுந்தது. கடல் நெருங்கிவிட்டதால் 1999-இல் அதை முழுதாகப் பெயர்த்து 880 மீட்டருக்கு மேல் உள்ளே நகர்த்தினார்கள். ஆனால் தடுப்புச் சுவர் உள்ள இடத்தில், மணல் சேரும் பக்கத்தை மட்டும் அளந்தவருக்குக் கரை வளர்வதாகவே தோன்றும்.