பக்கம் திறக்கவில்லையா? பிரவுசர் பழசாக இருக்கலாம்

ஒரு தளத்தைத் திறந்தால் ‘பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை’ என்று வருகிறதா? நெட்டைத் திட்டும் முன் பிரவுசரைக் கவனியுங்கள். பிரவுசருக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் முறைதான் டிஎல்எஸ் (TLS). அதன் பழைய பதிப்புகளான 1.0, 1.1-க்கு முக்கிய பிரவுசர்கள் 2020 வாக்கிலேயே விடைகொடுக்கத் தொடங்கிவிட்டன. பல தளங்கள் இப்போது 1.2-க்குக் கீழே பேசுவதே இல்லை. 2018-ல் வந்த 1.3 இன்னும் வேகமானது, பாதுகாப்பானது.

கணினியில் குரோம் என்றால் மேலே வலது மூலையில் மூன்று புள்ளி, உதவி, ‘குரோம் பற்றி’. அந்தப் பக்கத்தைத் திறந்தாலே புதுப்பிப்பு இறங்க ஆரம்பிக்கும். அப்புறம் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. அதற்கு 1.3 தெரியும், ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வராது.

சரி, எல்லாம் புதுசு, ஆனாலும் சான்றிதழ் (தளத்தின் அடையாள அட்டை மாதிரி) பிழை காட்டுகிறதா? கணினியின் தேதியைப் பாருங்கள். அது தவறாக இருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியானதாகத் தோன்றலாம்.