சின்ன ஊருக்குக் குடிநீர்த் திட்டம்: வால்வு திறப்பவரின் பக்கம் நின்று

குடிநீர்த் திட்டம் பற்றிப் பேச ஊர் கூடினால் முதலில் எழும் கேள்வி, தொட்டி எத்தனை லிட்டர், எங்கே கட்டுவது என்பதுதான். நான் கேட்பது வேறு. தினமும் காலையில் வால்வைத் திறக்கப்போவது யார்? அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் திறப்பார்? இந்த இரண்டு பெயரும் தெரியாமல் வரைபடத்தில் கை வைக்காதீர்கள்.

சின்னச் சின்னத் திட்டங்களில் பம்ப் ஓட்டி, அப்புறம் ஓட்டுபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தவன் நான். திறப்பு விழா அன்று எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரும். ஐந்தாம் வருஷமும் வர வேண்டுமானால், ஓட்டுபவருக்கு எது எளிது, எது கண்ணுக்குத் தெரியும் என்று ஆரம்பத்திலேயே யோசித்திருக்க வேண்டும். சில நூறு பேரிலிருந்து சில ஆயிரம் பேர் வரை வாழும் ஊரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு கிடைக்கும்

தேவைக் கணக்கு எளிது. தெருக்குழாயில் பிடித்துத் தூக்கிப் போகும் இடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர்தான் போகும். வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டால் அது 50, 100 லிட்டர் என்று ஏறும். தெருக்குழாயை நம்பித் திட்டம் போட்டுவிட்டு அதே பைப்பில் வீட்டு இணைப்பு கொடுக்க ஆரம்பித்தால், கடைசித் தெரு காய்ந்துபோகும். வீட்டு இணைப்பு எப்படியும் வரும். இப்போதே அதற்குக் கணக்குப் போடுங்கள்.

இன்று 1,000 பேர் இருக்கிறார்கள், வருஷத்துக்கு 1.5 சதவீதம் கூடுவார்கள் என்றால் 20 வருஷத்தில் சுமார் 1,350 பேர். ஆளுக்கு 70 லிட்டர் என்றால் 94,500 லிட்டர். எடுக்கும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்து போகும் என்று வைத்துக்கொண்டால், எடுக்க வேண்டியது ஏறக்குறைய 1,18,000 லிட்டர். பள்ளி, மருத்துவமனை, கால்நடை இருந்தால் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் தண்ணீரை அளப்பதில்தான் ஏமாற்றம் நடக்கிறது. வறட்சியின் கடைசி வாரங்களில் அளக்காத எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை. ஊற்று என்றால் வாளியும் கடிகாரமும் போதும்: 10 லிட்டர் வாளி 20 நொடியில் நிரம்பினால் நொடிக்கு அரை லிட்டர், நாளைக்கு 43,200 லிட்டர். ஆழ்துளைக் கிணறு என்றால், துளை போட்ட அன்று காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைப் பார்த்து மயங்க வேண்டாம். தற்காலிக பம்ப் ஒன்றை இறக்கி, ஒரே அளவில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஏறுகிறது என்பதையும் குறியுங்கள். ஏறவே மாட்டேன் என்றால் அந்தத் துளை உங்கள் ஊரைத் தாங்காது.

இங்கே ஒரு சின்ன விஷயம். பம்ப் இறக்கும்போதே அதோடு சேர்த்து விரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயையும் இறக்கிவிடுங்கள். பின்னாளில் நீர்மட்டம் அளக்கும் கம்பியை அதன் வழியாக விடலாம். இப்போது விட்டுவிட்டால், அடுத்து பம்பை வெளியே எடுக்கும் வரை துளைக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தண்ணீரின் தரத்துக்கு ஆய்வகப் பரிசோதனை கட்டாயம். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு ஃபுளூரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். இவை கூடுதலாக இருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. சுத்திகரிப்பு எந்திரம் விற்க ஆள் வருவார். அதற்கு முன் வேறு நீர்மூலம் தேடிப் பாருங்கள். சின்ன ஊரில் அந்த எந்திரத்தைப் பராமரிக்கும் ஆளும் பணமும் தொடர்ந்து கிடைப்பது அபூர்வம்.

பைப், பம்ப், வால்வு

கணக்கைத் தொட்டியிலிருந்து தொடங்காமல், மிக உயரத்தில், மிகத் தொலைவில் இருக்கும் குழாயிலிருந்து தொடங்குங்கள். கூட்டமாகத் தண்ணீர் பிடிக்கும் நேரத்திலும் அங்கே 5 முதல் 10 மீட்டர் அழுத்தம் மிஞ்ச வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். வழியில் உராய்வில் போவதைச் சேர்த்தால் தொட்டியின் உயரம் கிடைத்துவிடும். பைப் விட்டத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள பைப்பில் தள்ளினால் உராய்வு இழப்பு ஏறக்குறைய 30 மடங்காகும்.

நாம் போட்ட 1,18,000 லிட்டருக்கு நொடிக்கு 3 லிட்டர் ஏற்றும் பம்ப் 11 மணி நேரம் ஓட வேண்டும். உராய்வும் சேர்த்துத் தண்ணீரை ஏற்ற வேண்டிய மொத்த உயரம் 60 மீட்டர் என்றால், 3 × 60 × 9.81 (புவியீர்ப்பு எண்) = சுமார் 1,770 வாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் வேலை செய்யும் என்று வைத்தால் 3.5 கிலோவாட், அதாவது 5 எச்.பி. மோட்டார். "எதற்கும் இருக்கட்டும்" என்று 10 எச்.பி. வாங்கும் ஊர்கள் உண்டு. துளை தரும் அளவுக்கு மேல் உறிஞ்சினால் நீர்மட்டம் பம்புக்குக் கீழே போய், பம்ப் வறண்டு ஓடும். தண்ணீர் இல்லாதபோது தானே நின்றுவிடும் கருவி இல்லாமல் எந்த நீர்மூழ்கி மோட்டாரையும் இறக்காதீர்கள்.

தொட்டிக்கு ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும்; மின்சாரம் அடிக்கடி போகும் இடமானால் கூட்டிக்கொள்ளுங்கள். நடுவே சுவர் வைத்து இரண்டாகப் பிரித்துக் கட்டினால், ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும்.

வால்வில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு தெருப் பிரிவிலும் ஒரு வால்வு, பைப் மேடேறும் இடத்தில் சிக்கும் காற்றை வெளியே விட ஏர் வால்வு, பள்ளத்தில் பைப்பில் தங்கும் அழுக்கை வெளியே விட கழிவு வால்வு. ஒரு தெருவில் பைப் உடைந்தால் ஊர் முழுக்க நிறுத்த வேண்டியிருந்தால், அது வால்வு போதாத ஊர். வால்வுக் குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது. பைப்பில் அழுத்தம் இல்லாத நேரத்தில் அந்தக் குழித் தண்ணீரைத்தான் கசிவு வழியாகப் பைப் உள்ளே இழுக்கும். இதனால்தான் மணிக்கணக்கில் மூடிவைத்துப் பிறகு திறந்துவிடும் முறையை நான் விரும்புவதில்லை. தவிர்க்கவே முடியாது என்றால், திறந்ததும் வரும் முதல் தண்ணீரைக் கழிவு வால்வு வழியாக விட்டுவிடுங்கள். சாக்கடைக்கு அருகே பைப் போகும்போது விலகியும் அதற்கு மேல் மட்டத்திலும் போகட்டும்.

குழி மூடும் முன் போட்டோ எடுத்து, அசையாத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்து ஒவ்வொரு வால்வின் தூரத்தையும் எழுதி வையுங்கள். ஒப்பந்ததாரர் தரும் வரைபடம் போட நினைத்த பைப்பைக் காட்டும். நமக்கு வேண்டியது போட்ட பைப்.

குளோரின்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். தொட்டியில் 50,000 லிட்டர் இருக்கிறது, லிட்டருக்கு 2 மில்லிகிராம் போட வேண்டும் என்றால் 100 கிராம் குளோரின் தேவை. புது பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். மூட்டை பிரித்துச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் அதுவும் குறைந்துகொண்டே போகும். 25 சதவீதம் என்று வைத்தால் 400 கிராம் பவுடர். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, அதில் பவுடரைப் போட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். கையுறை, கண்ணாடி வேண்டும், காற்றோட்டம் வேண்டும், அமிலத்தை அதன் பக்கத்திலேயே வைக்கக் கூடாது.

கலந்து 30 நிமிடம் கழித்து லிட்டருக்குக் குறைந்தது 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். கடைசிக் குழாயில் 0.2 ஆவது இருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் பிடித்த தண்ணீரில் டி.பி.டி. என்ற குளோரின் சோதனை மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் வீண். முதலில் தெளிய வைக்க வேண்டும். பி.எச். என்ற அமில-கார அளவு 8-க்கு மேல் போனாலும் குளோரினின் வேகம் குறையும். ஆறு, குளத்துத் தண்ணீர் என்றால் வடிகட்டாமல் விடவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது. சின்ன ஊருக்கு மெதுமணல் வடிகட்டிதான் என் தேர்வு: ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 100 முதல் 200 லிட்டர், மருந்து கிடையாது, வேகம் குறைந்தால் மேல் மணலை ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தால் போதும்.

தொட்டியில் 0.8 காட்டுகிறது, கடைசிக் குழாயில் பூஜ்யம் என்றால் உடனே இன்னும் பவுடரைக் கொட்டாதீர்கள். வழியில் எதுவோ குளோரினைத் தின்கிறது. வால்வு வால்வாக நடந்து சோதித்துப் போனால், எண் சட்டென்று விழும் இடம் தெரியும். அழுக்கு உள்ளே நுழைவது பெரும்பாலும் அங்கேதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிறு நகரம். சுமார் 5,000 பேர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை பெய்து, பக்கத்துப் பண்ணையின் சாண எரு ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. ஈ. கோலை கிருமியால் 7 பேர் இறந்தார்கள், 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். விசாரணையில் தெரிந்தது: குளோரினை ஒழுங்காக அளக்காமலே நோட்டில் எண் எழுதி வந்திருக்கிறார்கள். உங்கள் ஊர் நோட்டில் மாதம் முழுக்க 0.5, 0.5 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜத் தண்ணீர் அப்படி ஒரே எண்ணில் நிற்காது. ஆனால் ஓட்டுபவரைத் திட்டுவதற்கு முன் ஒன்று: பூஜ்யம் எழுதிய அன்று அவரைத் திட்டியிருந்தால், மறுநாளிலிருந்து 0.5 எழுதக் கற்றுக்கொடுத்தது ஊரின் குடிநீர்க் குழுதான். பூஜ்யத்தைத் தைரியமாக எழுதுபவரைப் பாராட்டுங்கள். வாரம் ஒருமுறை குழுவில் ஒருவர் அவரோடு நின்று நிறத்தைத் தன் கண்ணால் பார்க்கட்டும்.

நோட்டும் கசிவும்

தினமும் எழுத வேண்டியது ஆறு எண்: மீட்டர் அளவு, பம்ப் ஓடிய நேரம், வோல்டேஜ், ஆம்பியர், துளையின் நீர்மட்டம், எஞ்சிய குளோரின். மீட்டரை நேரத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். அது குறைகிறது, ஆம்பியரும் குறைகிறது, நீர்மட்டம் இறங்கியிருக்கிறது என்றால் துளை களைத்துவிட்டது. நீர்மட்டம் அப்படியே இருந்தால் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். ஆம்பியர் ஏறுகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பேரிங்கோ மணலோ. மோட்டார் எரியும் முன்பே இந்த எண்கள் சொல்லிவிடும், கேட்க ஆள் இருந்தால்.

கசிவைப் பிடிக்க இரவு போதும். எல்லோரும் தூங்கும் 2 மணியிலிருந்து 4 மணி வரை பம்பை நிறுத்தி, தெரு வால்வுகளைத் திறந்தே வைத்துத் தொட்டி மட்டம் இறங்குவதை அளந்து பாருங்கள். உள்விட்டம் 4 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 125 லிட்டர். இரண்டு மணி நேரத்தில் 8 சென்டிமீட்டர் இறங்கினால் 1,000 லிட்டர். நாள் முழுக்க இப்படிப் போனால் 12,000. ஆளுக்கு 70 லிட்டர் கணக்கில் 170 பேருக்கான தண்ணீர். வீட்டுத் தொட்டிகள் இரவில் நிரம்பும் ஊரானால், அந்த இரவு மட்டும் அவற்றை மூடிவைக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் தெரு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் மட்டம் நிற்கிறதோ அந்தத் தெருவில் தேடுங்கள். இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் கசியும் சத்தம் கேட்கும். 30 மீட்டர் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே நாளைக்கு 9,000 லிட்டர் விடும். இவ்வளவு கசிவை வைத்துக்கொண்டு புதுத் துளை போடக் கிளம்புவது எனக்குப் புரிவதில்லை.

பணம்

கட்டணத்தில் சேர வேண்டியவை ஓட்டுபவரின் சம்பளம், மின்சாரம், குளோரின், பழுது, அப்புறம் எல்லோரும் மறக்கும் மாற்று நிதி, அதாவது பழசு தேய்ந்ததும் புதிது வாங்கச் சேர்க்கும் பணம். பம்ப் 8 வருஷம் உழைக்கும் என்று எதிர்பார்த்தால் அதன் விலையில் எட்டில் ஒரு பங்கு வருஷாவருஷம் தனிக் கணக்கில் போக வேண்டும். எல்லா வீடும் கட்டும் என்று கணக்குப் போடாமல், நிஜமாகக் கட்டும் வீடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். கட்ட முடியாத வீட்டுக்கு விலக்கு உண்டு என்றால் அதைக் கூட்டத்தில் வெளிப்படையாக முடிவு செய்யுங்கள். கட்ட முடிந்தும் கட்டாதவர் அந்த விலக்கில் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. வரவுசெலவு மாதாமாதம் சுவரில் ஒட்டப்பட வேண்டும். சம்பளம் தாமதமானால் முதலில் நிற்பது நோட்டு, அடுத்தது குளோரின். தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருக்கும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

உதிரியாகக் கையிருப்பில் இருக்க வேண்டியவை: ஸ்டார்ட்டருக்கான காண்டாக்டர், ஃபியூஸ், ஒவ்வொரு பைப் அளவுக்கும் இரண்டு ரிப்பேர் கிளாம்ப், மூன்று மாதத்துக்கு டி.பி.டி. மாத்திரை. பேனல் போர்டு கதவின் உட்புறத்தில் துளையின் ஆழம், பம்ப் இறக்கிய ஆழம், பம்பின் மாடல், இறக்கிய தேதி, வழக்கமான ஆம்பியர் ஆகியவற்றை அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள். நடு இரவில் பம்பை எடுக்க வரும் மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான்.