உங்கள் பாட் சான்றிதழில் பெயரைப் பார்க்கிறதா? வீட்டிலேயே சோதிக்கலாம்

சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் சித்தப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ஒரு சின்ன பாட் (தானாகச் செய்தி அனுப்பும் நிரல்) எழுதிக் கொடுத்தேன். தினமும் காலையில் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை எக்ஸ்எம்பிபி என்ற திறந்த சாட் முறையில் இருக்கும் குரூப்பில் போடும். முழு அளவு 143 அடி. அதில் இன்று எவ்வளவு என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். பைதானில் நாற்பது வரி, எக்ஸ்எம்பிபியோடு பேச ஸ்லிக்ஸ்எம்பிபி லைப்ரரி, அவ்வளவுதான்.

அந்த லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை ஒன்று 2022-ல் பதிவானது: சிவிஇ-2022-45197 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). 1.8.3-க்கு முந்தைய பதிப்புகள், 'நான்தான் இந்த சர்வர்' என்று காட்ட சர்வர் நீட்டும் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

அதனால் என்ன என்கிறீர்களா? ஒருமுறை தூத்துக்குடியிலிருந்து அத்தை பஸ்ஸில் மக்ரூன் பார்சல் போட்டுவிட்டார்கள். நான் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் வேறு யாரோ வாங்கிப் போயாச்சு. "ஆதார் கார்டு பார்த்துத்தானே தம்பி கொடுத்தேன்" என்றார் பார்சல்காரர். கார்டு அசல்தான். பெயர்தான் என்னுடையது இல்லை.

சான்றிதழும் அப்படித்தான். தன் டொமைனுக்கு யாரும் இலவசமாக அசல் சான்றிதழ் வாங்கலாம். நடுவழியில் உட்கார்ந்திருப்பவன் அதை நீட்டினால், அவனையே சர்வர் என்று பாட் நம்பிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பைதானின் பிப் ஷோ கட்டளையில் ஸ்லிக்ஸ்எம்பிபியின் பதிப்பைப் பாருங்கள். பழையது என்றால் அப்டேட். அடுத்து உங்கள் கோடிலேயே 'செர்ட்_நன்', 'செக்_ஹோஸ்ட்நேம் = ஃபால்ஸ்' இருக்கிறதா என்று தேடுங்கள்; முதலாவது சான்றிதழ்ச் சோதனையையே அணைக்கும், இரண்டாவது பெயர்ச் சோதனையை அணைக்கும். அவசரத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருப்போம். நான் ஒட்டியிருந்தேன். ஜாவாவின் ஸ்மாக் லைப்ரரியிலும் 2014-ல் இதே சங்கதி: நாமாக ஒரு எஸ்எஸ்எல் காண்டெக்ஸ்ட் (பாதுகாப்பான இணைப்புக்கான அமைப்புகள்) கொடுத்தால் பெயர்ச் சோதனை நடக்காது.

இப்போது சோதனை. கணினியில் ப்ராசடி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரை நிறுவி, 'சாட்.டெஸ்ட்' என்று ஒரு ஹோஸ்ட் (சர்வரின் பெயர்) வையுங்கள். எந்தப் பெயர் எந்த முகவரி என்று கணினி பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்கு 127.0.0.1 (இதே கணினி) என்று எழுதுங்கள். சோதனைக்குச் சான்றிதழ் உருவாக்கித் தரும் எம்கேசெர்ட் கருவியில் இரண்டு சான்றிதழ் போடுங்கள்: ஒன்று 'சாட்.டெஸ்ட்' பெயரில், இன்னொன்று 'வேறு.டெஸ்ட்' பெயரில். பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்தால் தலைவலி குறைவு.

எம்கேசெர்ட்டின் ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடும் மூலச் சான்றிதழ்) பாட் நம்பும்படி கட்டாயம் செய்துவிடுங்கள். இதை விட்டால் இரண்டு சான்றிதழையுமே பாட் மறுக்கும்; பெயர் பொருந்தாமல் மறுத்ததா, கையெழுத்துத் தெரியாமல் மறுத்ததா என்று பிடிபடாது. நான் ஒரு சாயங்காலம் முழுக்க இதில்தான் தொலைத்தேன்.

சரியான பெயரோடு பாட் இணைய வேண்டும். அப்புறம் ப்ராசடியில் 'வேறு.டெஸ்ட்' சான்றிதழை மாட்டி மறுபடி ஓட்டுங்கள். ஹோஸ்ட்நேம் பொருந்தவில்லை என்று பிழை வந்தால் சந்தோஷப்படுங்கள். சத்தமில்லாமல் இணைந்தால் ஓட்டை இன்னும் இருக்கிறது.

அப்டேட் செய்த மறுநாள் என் பாட் நிஜ சர்வரிலேயே இணைய மறுத்தது. அந்த சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வேறு பெயர்ச் சான்றிதழை மாட்டி வைத்திருந்தார்கள், எத்தனை நாளாகவோ. பெயர்ச் சோதனைக்கு மறுபடி ஃபால்ஸ் போடக் கை துறுதுறுத்தது. போடாமல் போன் போட்டு மாற்றச் சொன்னேன். அன்றைக்கு அணை அளவு பதினொரு மணிக்குத்தான் போனது. அதற்குள் சித்தப்பாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால்.