ஹாக்கி ஈஸ்ட் தொடரைப் பதினொரு சீட்டுகளை வைத்துப் பின்தொடர்வது எப்படி?

மார்ச் பிறந்தால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பதினொரு சின்னச் சீட்டுகள் ஏறிவிடும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பதினொரு பல்கலைக்கழகங்களின் ஐஸ் ஹாக்கி லீக்கான ஹாக்கி ஈஸ்ட், தன் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் மாதம் அது. பாஸ்டன் பக்கம் குடிவந்து சில வருஷம் ஆன பிறகும், இந்தத் தொடரில் எந்த அணி எப்போது யாரோடு மோதும் என்பது எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. 2025-ல்தான் பிடிபட்டது. புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு உதவட்டும் என்று, நான் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

பக், பீரியட், பெனால்டி எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இது தொடரைப் புரிந்துகொள்வதற்கான விளக்கம் மட்டும்தான்.

தேவையானவை: கெட்டி அட்டையில் வெட்டிய பதினொரு சீட்டுகள், ஒரு பென்சில், ஃபிரிட்ஜில் ஒட்டக் கொஞ்சம் காந்தம். காந்தம் இல்லையென்றால் மேஜையில் பரப்பிக்கொள்ளலாம். தயாராக அச்சடித்த நாக்-அவுட் வரைபடத்தை மட்டும் எடுக்காதீர்கள். காரணம் நான்காம் படியில் வருகிறது. கணினியில் அட்டவணை போடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. சீட்டைக் கையில் எடுத்து நகர்த்தும்போது மனதில் பதிவதுபோல் அதில் பதிவதில்லை.

படி 1: சீட்டுகளில் பெயர் எழுதுங்கள்

பாஸ்டன் காலேஜ், பாஸ்டன் யுனிவர்சிட்டி, நார்த்ஈஸ்டர்ன், மெரிமாக், யூமாஸ், யூமாஸ் லோவெல், பிராவிடன்ஸ், யூகான், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெய்ன். மொத்தம் பதினொன்று.

பாஸ்டன் காலேஜும் பாஸ்டன் யுனிவர்சிட்டியும் வேறு வேறு பல்கலைக்கழகங்கள், அதுவும் தீராத போட்டியாளர்கள். ஊரில் எல்லோரும் பி.சி., பி.யு. என்றுதான் சொல்வார்கள். சீட்டிலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யூமாஸ் என்று மொட்டையாகச் சொன்னால் அது ஆம்ஹெர்ஸ்டில் இருக்கும் பல்கலைக்கழகம். லோவெலுக்குத் தனி அணி, தனிச் சீட்டு.

படி 2: தரவரிசை எண் போடுங்கள்

ஒவ்வொரு அணியும் லீக்குக்குள் 24 ஆட்டங்கள் ஆடுகிறது. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (கோல்கீப்பரை எதிர்த்து ஒவ்வொருவராகக் கோல் அடிக்க முயல்வது) வென்றால் 2, அவற்றில் தோற்றால் 1. அறுபது நிமிடத்துக்குள்ளேயே தோற்றால் ஒன்றும் கிடையாது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஓர் அணி 10 ஆட்டங்களை நேரத்துக்குள் வென்றது, 3 ஆட்டங்களை ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ வென்றது, 2 ஆட்டங்களில் அந்தக் கட்டம்வரை போய்த் தோற்றது, மீதி 9 ஆட்டங்களில் நேரத்துக்குள் தோற்றது. 30, 6, 2 ஆக 38 புள்ளி.

நாளிதழில் வரும் வெற்றி, தோல்வி, சமன் எண்களை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. ஓவர்டைம் வெற்றி அதில் சாதாரண வெற்றியாகவே சேர்ந்திருக்கும். ஷூட்அவுட்டில் முடிந்த ஆட்டம் சமனாகப் பதிவாகியிருக்கும். அதனால் புள்ளிப் பட்டியலையே பாருங்கள். இரண்டு அணிகள் சம புள்ளியில் நின்றால், யார் மேலே என்று நீங்களாக முடிவு செய்யாமல் லீக் வெளியிடும் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டின் மூலையில் 1 முதல் 11 வரை எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். இந்த எண் தொடர் முடியும்வரை மாறாது.

படி 3: முதல் சுற்று

பதினொரு அணிகளுக்கும் தொடரில் இடம் உண்டு. முதல் ஐந்து இடங்களைப் பிடித்தவர்கள் முதல் சுற்றில் ஆட வேண்டியதில்லை, நேரே காலிறுதிக்குப் போகிறார்கள். மற்ற ஆறு பேர் மோதுவது இப்படி: 6-ஆம் அணியோடு 11, 7-ஆம் அணியோடு 10, 8-ஆம் அணியோடு 9. சின்ன எண் யாருடையதோ அவர்களுடைய சொந்த அரங்கில் ஆட்டம். மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமை இரவு இந்த மூன்று ஆட்டங்களும் நடக்கும். ஒரே ஆட்டம், தோற்றவர் வெளியே. தோற்ற மூன்று சீட்டுகளை எடுத்துவிடுங்கள். எட்டு மிச்சம்.

படி 4: சீட்டுகளை மறுபடி அடுக்குங்கள்

நான் தடுமாறிய இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிரிக்கெட், டென்னிஸ் பார்த்துப் பழகிய நமக்கு நாக்-அவுட் என்றாலே கோடு போட்ட மரம் போன்ற படம்தான் மனதில் வரும். இந்த ஆட்டத்தில் வென்றவர் அந்த ஆட்டத்தில் வென்றவரோடு மோதுவார் என்று முதலிலேயே கோடு இழுத்திருக்கும். 2025-ல் நானும் அப்படித்தான் ஒரு பெரிய தாளில் வரைந்து, நண்பர்கள் எட்டுப் பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். முதல் இடத்து பி.சி. ஆடும் காலிறுதியும், நான்காம் இடத்து யூகான் ஆடும் காலிறுதியும் ஒரு பாதி. இரண்டாம் இடத்து மெய்னும் மூன்றாம் இடத்து பி.யு.வும் இன்னொரு பாதி. ஆக, அரையிறுதியில் மெய்னும் பி.யு.வும் மோதுவதாக என் தாள் சொன்னது.

காலிறுதியில் பி.சி.யை நார்த்ஈஸ்டர்ன் வீழ்த்தியது. அந்தப் பருவத்தை லீக்கில் முதலிடத்தில் முடித்த அணி, தன் சொந்த அரங்கிலேயே வெளியேறியது. மெய்ன், பி.யு., யூகான் மூன்றும் வென்றன. சரி, நார்த்ஈஸ்டர்னும் யூகானும் ஓர் அரையிறுதி, மெய்னும் பி.யு.வும் இன்னொன்று என்று பென்சிலால் எழுதி முடித்துவிட்டேன். மறுநாள் காலையில் அறிவிப்பைப் படித்த என் மகள், தாளைக் காட்டிக் கேட்டாள்: "அப்பா, மெய்ன் நார்த்ஈஸ்டர்னோடதானே ஆடுதாம்? இதுல பி.யு.ன்னு போட்டிருக்கே?"

தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோடுகளே இல்லாத தொடர் இது என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும், மிஞ்சியிருக்கும் அணிகளைத் தரவரிசைப்படி புதிதாக அடுக்குகிறார்கள். மேலே இருப்பவருக்குக் கடைசியில் இருப்பவர் எதிராளி. அவ்வளவுதான் விதி.

சீட்டுகளை வைத்துச் செய்து பாருங்கள். காலிறுதி முடிந்து மிஞ்சிய நான்கு சீட்டுகள்: மெய்ன் 2, பி.யு. 3, யூகான் 4, பிறகு இவர்கள் எல்லோருக்கும் கீழே நார்த்ஈஸ்டர்ன். எண் வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்குங்கள். முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் சேர்த்து ஒரு பக்கம் வையுங்கள்: மெய்ன், நார்த்ஈஸ்டர்ன். நடுவில் மிஞ்சிய இரண்டும் இன்னொரு பக்கம்: பி.யு., யூகான். அந்த வருஷ அரையிறுதிகள் இவைதான். பி.சி. விழுந்ததும், மிஞ்சியவர்களில் முதலிடத்துக்கு வந்தது மெய்ன். அந்த இடத்துக்கு உரிய எதிராளியும் மெய்னுக்கே கிடைத்தது.

எனக்கு இந்த விதி மிகவும் பிடித்துப்போனது இதனால்தான். அக்டோபரில் யாரும் கவனிக்காத ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை இரவில் பிடித்த ஒரு புள்ளி, மார்ச்சில் காலிறுதி தாண்டிய பிறகும் அந்த அணிக்குத் துணை நிற்கிறது.

முதல் சுற்று முடிந்து காலிறுதிக்குப் போகும்போதும் இதே வேலைதான். எட்டுச் சீட்டுகளை அடுக்கி, முதலும் கடைசியும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும் என்று ஜோடி சேருங்கள். உதாரணமாக முதல் சுற்றில் 6, 9, 10 வென்றால், 1-க்கு 10, 2-க்கு 9, 3-க்கு 6, 4-க்கு 5. சீட்டுகளை நகர்த்திக்கொண்டே இருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் சுற்றில் யார் வென்றாலும் 4-ஆம் அணியும் 5-ஆம் அணியும்தான் காலிறுதியில் மோதும். அந்த ஜோடி மட்டும் மாறவே மாறாது. ஆகவே பருவத்தின் கடைசி வாரத்தில் நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடக்கும் போட்டியைக் கவனமாகப் பாருங்கள். சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஆடுவதா, பஸ் ஏறிப் போய் ஆடுவதா என்பதுதான் அங்கே பணயம்.

முன்பெல்லாம் காலிறுதியில் மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டியிருந்தது. இப்போது அதுவும் ஒரே ஆட்டம். நார்த்ஈஸ்டர்ன் செய்தது போன்ற அதிர்ச்சிக்கு இது வழி திறந்திருக்கிறது.

படி 5: டி.டி. கார்டன்

அரையிறுதிகளும் இறுதி ஆட்டமும் பாஸ்டன் நகரில், டி.டி. கார்டன் அரங்கில். இங்கே யாருக்கும் சொந்த மைதானம் கிடையாது என்று விதி சொல்லும். ஆனால் பி.யு.வும் நார்த்ஈஸ்டர்னும் அதே ஊர்க்காரர்கள். மெய்ன் பல்கலைக்கழகமோ ஓரோனோவில், காரில் ஏறத்தாழ நான்கு மணி நேரத் தொலைவு. அப்படியிருந்தும் 2025-ல் மெய்ன் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். இறுதியில் யூகானை 5-2 என்று வென்று மெய்ன் கோப்பையை வாங்கியது. 2004-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் பட்டம். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மெய்ன்காரர். மறுநாள் காலையில் பனி தள்ளும் மண்வாரியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று, "இருபத்தோரு வருஷம்" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

கோப்பைக்கு லாமொரியெல்லோ கோப்பை என்று பெயர். லீக்கை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதன் முதல் ஆணையருமான லூ லாமொரியெல்லோவின் பெயர் அது. 1985-ல் நடந்த முதல் தொடரை, முன்பு அவர் பயிற்சியளித்த பிராவிடன்ஸ் அணியே வென்றது. அதிகப் பட்டங்கள் பி.சி.யிடம்: 2024 வரை பன்னிரண்டு. அந்த 2024 இறுதியில் பி.யு.வை 6-2 என்று வென்றபோது, வில் ஸ்மித் ஒருவரே நான்கு கோல் போட்டார்.

அரையிறுதியும் இறுதியும் எந்தக் கிழமைகளில் என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். 2024-ல் வெள்ளி, சனி; 2025-ல் வியாழன், வெள்ளி.

படி 6: ஓவர்டைம் வந்தால்

பருவ ஆட்டங்களில் ஓவர்டைம் ஐந்தே நிமிடம், பக்கத்துக்கு மூன்று பேர், அதிலும் முடியாவிட்டால் ஷூட்அவுட். மார்ச் தொடரில் இவை எதுவும் கிடையாது. முழு 20 நிமிடம், பக்கத்துக்கு ஐந்து பேர், முதல் கோல் விழுந்த நொடியில் ஆட்டம் முடிந்தது. கோல் விழவில்லையென்றால் இடைவேளை விட்டு, பனித்தளத்தை வழித்துச் சமன் செய்துவிட்டு, இன்னொரு 20 நிமிடம். 2004 இறுதியில் மெய்ன் யூமாஸை 2-1 என்று வென்றது மூன்றாவது ஓவர்டைமில். 2023 இறுதியில் மெரிமாக்கை பி.யு. ஓவர்டைமில் 3-2 என்று வென்றது. அந்தக் கோலை அடித்த லேன் ஹட்சன் இன்று மாண்ட்ரியல் தொழில்முறை அணியின் தடுப்பாட்டக்காரர். ஆகவே ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

படி 7: கடைசிச் சீட்டை எங்கே வைப்பது?

வென்றவருக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் தேசியத் தொடரில் நேரடி இடம். அந்தத் தொடரில் 16 அணிகள். ஆறு லீக்குகளின் சாம்பியன்கள் நேராக உள்ளே போகிறார்கள், மற்ற 10 இடங்கள் பருவம் முழுவதும் காட்டிய ஆட்டத்தைக் கணக்கிட்டுத் தரப்படுகின்றன. 2025-ல் ஹாக்கி ஈஸ்ட்டிலிருந்து ஆறு அணிகள் போயின. பி.சி. காலிறுதியில் தோற்றும் அதில் இடம் பிடித்தது. நார்த்ஈஸ்டர்னுக்கு அந்தக் கணக்கு உதவாது, கோப்பையை வென்றால்தான் உண்டு என்ற நிலை. யார் வென்றே ஆக வேண்டும், யாருக்கு வேறு வழி இருக்கிறது என்று சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டால், ஒவ்வொரு ஆட்டத்தின் கனமும் தெரியும்.

பின்னால் சேர்த்தது: சென்னையிலிருந்து ஒருவர், தொடங்கும் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றியபோது ஒரு மணி நேரம் பிசகிவிட்டது என்று எழுதியிருந்தார். மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். அதற்கு முன் பாஸ்டனில் இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5:30. அதற்குப் பிறகு 4:30. பருவத்தின் கடைசி ஆட்டங்களுக்குப் பழைய கணக்கு, தொடருக்குப் புதிய கணக்கு என்று நினைவில் வையுங்கள். டொரோண்டோவில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அங்கேயும் பாஸ்டன் நேரம்தான்.

இன்னொரு சேர்க்கை: பெண்கள் தொடருக்கும் இந்த முறை சரிப்படுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். சரிப்படும், ஆனால் சீட்டு பத்து. பெண்கள் லீக்கில் யூமாஸும் யூமாஸ் லோவெலும் இல்லை, ஹோலி கிராஸ் உண்டு. முதல் ஆறு அணிகள் நேரே காலிறுதிக்குப் போகின்றன. 7-க்கு 10, 8-க்கு 9 என்று இரண்டே முதல் சுற்று ஆட்டங்கள். அங்கே காலிறுதியில் மாறாத ஜோடி இரண்டு: 4-க்கு 5, 3-க்கு 6. சீட்டை அடுக்கினால் உங்களுக்கே தெரிந்துவிடும். கோப்பைக்குப் பெர்டாக்னா கோப்பை என்று பெயர். 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு வருஷம் அதை நார்த்ஈஸ்டர்ன் பெண்கள்தான் வைத்திருந்தார்கள். எங்கள் ஃபிரிட்ஜில் இப்போது இரண்டு வரிசை ஓடுகிறது, பெண்கள் வரிசைக்கு மகள் பச்சை அட்டை வெட்டியிருக்கிறாள்.