அரூப ஓவியத்தில் வேகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் பெங்களூரு குமாரகிருபா சாலையில் நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தை நெருங்கினால், அல்சூரில் என்னிடம் ஞாயிறு வகுப்புக்கு வருகிறவர்களுக்குப் பெரிய கேன்வாஸ் மேல் ஆசை வந்துவிடும். ஓட்டமும் துடிப்பும் உள்ள அரூப ஓவியம், அதாவது உருவங்களை வரையாத ஓவியம், வேண்டும் என்பார்கள். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள்.

தீற்றலைத் திருத்துவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு மாணவி நாலடி கேன்வாஸில் அகலமான பிரஷ்ஷால் சிவப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். தொடங்கிய இடத்தில் பெயிண்ட் திட்டாக நின்றது. முடிவில் பிரஷ் வறண்டு, இழை இழையாகப் பிரிந்து, இடையே கேன்வாஸின் வெள்ளை தெரிந்தது. அருமையான தீற்றல். நான் டீ போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் சின்ன பிரஷ்ஷால் ஓரத்தை அடைத்துக்கொண்டிருந்தாள். "பிசிறா இருந்துச்சுக்கா, சரி பண்றேன்" என்றாள்.

அந்தப் பிசிறில்தான் வேகம் இருக்கிறது. கை எங்கே அழுத்தியது, எங்கே திரும்பியது, எங்கே விட்டது என்பதெல்லாம் ஓரத்தில் பதிகிறது. அதை நிரப்பினால் மிஞ்சுவது ஒரு சிவப்புப் பட்டை. நாங்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட், ஆனால் காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது, பழைய தீற்றலை மீட்க வழியில்லை. வெள்ளை அடித்து, காயவிட்டு, மறுபடி தொடங்க வேண்டும். பெயிண்ட் காசோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

திருத்தும் ஆசையை முன்னாலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க அரூப ஓவியர் ஃபிரான்ஸ் கிளைனின் கருப்பு வெள்ளை ஓவியங்கள் ஒரே மூச்சில் வீசியவை போலத் தெரியும். ஆனால் பலவற்றுக்கு டெலிபோன் டைரக்டரித் தாள்களில் சின்னதாக வரைந்து பார்த்துவிட்டே அவர் பெரிதாக்கினார். கருப்பின் மேல் வெள்ளையும் இழுத்திருக்கிறார், உண்மைதான். அந்த வெள்ளைக்குக் கருப்புக்குச் சமமான எடை உண்டு, அது ஓரம் சீவுகிற வேலை இல்லை. நீங்களும் முதலில் செய்தித்தாளில் அதே பிரஷ்ஷால் கை பழகும்வரை இழுத்துப் பாருங்கள். கேன்வாஸில் சரியாக வரவில்லையா, ஈரத்துணியால் உடனே மொத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

மணிக்கட்டால் இழுப்பது

எழுந்து நின்று, தோளால் இழுங்கள்.

டியூப் பெயிண்டைச் சொட்டவிடுவது

அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947 முதல் 1950 வரை தரையில் கேன்வாஸை விரித்துச் சொட்டவிட்டது பெரும்பாலும் எனாமல் பெயிண்ட். அது நூலாக வழியும். டியூப் அக்ரிலிக் கட்டியாகத்தான் விழும். அதற்காகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் பிடிப்பு குறைந்து, காய்ந்தபின் நிறம் உதிரும். வழியும் பதத்திலேயே விற்கும் ஃப்ளூயிட் அக்ரிலிக் வாங்குங்கள், இல்லாவிட்டால் பெயிண்டை வழியவைக்கும் போரிங் மீடியம் (pouring medium) கலந்துகொள்ளுங்கள்.

ஃபேனுக்குக் கீழே வரைவது

அணைத்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் பெங்களூரு காற்றுக்கே அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும்.